பேவர் பிளாக் உடையாமல் பெரிய மரத்தை இறக்குவது எப்படி: வீட்டுக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

"நாலடித் துண்டுதானே சார், அப்படியே தள்ளிவிட்டுடலாம்" என்று மேலிருந்து குரல் வந்தது. நானும் சரி என்றேன். துண்டு விழுந்ததில் வாசல் பேவர் பிளாக்கில் நாலைந்து கல் உள்ளே அமுங்கியது. போகட்டும், கல்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. கல்லைப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் ஓடும் 4 அங்குலக் கழிவுநீர்க் குழாய் நசுங்கிக் கிடந்தது. மரம் வெட்டிய கூலியைவிடக் குழாய் மாற்றிய செலவு அதிகம்.

அதற்கப்புறம் கட்டட வேலை மேற்பார்வையில் பல மரங்களைப் பக்கத்தில் நின்று இறக்கியிருக்கிறேன். 'இறக்கி' என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். வயல்காட்டில் மரத்தை அடியில் அறுத்தால் சாயும், வேலை முடிந்தது. தெருவோர வீட்டில் சாய்ப்பதற்கு இடம் ஏது? மேலிருந்து துண்டு துண்டாக, பாத்திரம் இறக்குவதுபோலக் கீழே கொண்டுவர வேண்டும். அறுப்பது அதில் கால்வாசி வேலைதான். மீதி எல்லாம் கயிறு, தரை, யோசனை.

நீங்களே செயின்சாவோடு ஏறுவதற்காக இதை எழுதவில்லை. ஏறத் தெரிந்த ஆளை அமர்த்தி, கீழே நின்று வேலை வாங்கும் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன். கண்முன் வைத்துக்கொள்ள ஒரு உதாரணம்: 45 அடி உயரத் தூங்குமூஞ்சி மரம், 20 அடித் தெரு, பேவர் பிளாக் போட்ட வாசல், இடது பக்கத்து வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கார் ஷெட், குறுக்கே மின் கம்பி.

முதல் படி: வெட்டத்தான் வேண்டுமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு, வீட்டோரம் மரம் இருந்தாலே பயம் என்றாகிவிட்டது. பெரிய மரம் எல்லாம் ஆபத்தான மரம் அல்ல. பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. நேற்றுவரை நேராக நின்றது இன்று சாய்ந்திருப்பது, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலே எழும்பியிருப்பது, அடிமரத்தில் காளான் முளைப்பது, சுத்தியலால் தட்டினால் பறைபோல வெற்றொலி கேட்பது, வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுக்க வெட்டுப்பட்டிருப்பது. இவை இல்லையென்றால் கொப்பு கழித்துப் பாரத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும்.

இன்னொன்று. "முதலில் மரத்தைச் சாகடித்துவிட்டு அப்புறம் வெட்டலாம்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். பெருங்காயம் வைப்பது, பட்டையைச் சுற்றி உரிப்பது, ஆசிட் ஊற்றுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பச்சை மரம் வளையும், அறுக்கும்போது நார் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும். பட்ட மரம் சொல்லாமல் கொள்ளாமல் முறியும், ஏறுகிறவர் காலுக்கடியில் கொப்பு பொடிந்துபோகும். அனுபவமுள்ள மரமேறிகள் பட்ட மரம் என்றால் கூலியைக் கூட்டிக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: அனுமதி

கேட்டுக்கு வெளியே நிற்கும் மரம் உங்கள் வீட்டுக்கு நிழல் தந்தாலும் உங்களுடையது அல்ல. அதற்கு மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கான கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு பரிசீலிக்கிறது. பட்டா இடத்து மரம் என்றாலும் சந்தனமோ செம்மரமோ என்றால் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே சொந்தத் தோட்டத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

மூன்றாம் படி: உயரம், எடை

கண்ணளவு இங்கே உதவாது. உயரம் பார்க்க, உங்கள் கை நீளத்துக்குச் சமமான ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கையை நேரே நீட்டி, குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நகருங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியிலும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம்வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம் (தரை சமமாக இருக்க வேண்டும்).

எடைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. பச்சை மரத்துக்குக் கன அடிக்கு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், சுற்றளவை அடிக்கணக்கில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடி இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு அடி நீளத் துண்டின் எடை கிலோவில் கிடைத்துவிடும். சுற்றளவு 4 அடி என்றால் அடிக்கு 32 கிலோ. 6 அடி என்றால் 72 கிலோ. அந்த 6 அடிச் சுற்றளவில் 'நாலடித் துண்டுதானே' என்பது 288 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மோட்டார் பைக். அது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். பேவர் பிளாக் என்ன செய்யும் பாவம்?

கணக்கை ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் காட்டுங்கள். சிரிப்பார். ஆனால் அன்றைக்குத் துண்டின் நீளம் தானாகக் குறையும்.

நான்காம் படி: தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

சம்பு, செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், மெட்ரோ வாட்டர் இணைப்பு, போர்வெல் மோட்டார் ஒயர், இவை எல்லாம் வாசலுக்கு அடியில்தான் இருக்கும். வீடு கட்டியவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. மூடிகளைத் திறந்து பாருங்கள், குழாய் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் வீட்டில் இருக்கிற கோலமாவை எடுத்து அந்தப் பாதைகளைத் தரையில் கோடு போடுங்கள். டேங்க் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டம் கட்டிவிடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் மரத்துண்டும் விழக் கூடாது, லாரிச் சக்கரமும் ஏறக் கூடாது. இப்படிக் கோடு போட்டுக் காட்டியபோது, 'இங்கே டேங்க் இருக்கா?' என்று வேலையாட்கள் கேட்காத இடம் ஒன்றுகூட இல்லை.

அதே நாளில் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் பழைய விரிசல், ஷெட் ஷீட்டின் உடைந்த மூலை, தெருநடைபாதையின் அமுங்கிய கல் எல்லாவற்றையும். அந்தப் படங்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி, "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மரம் இறக்குறோம், காரை மட்டும் வெளியே எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது.

ஐந்தாம் படி: ஆளைப் பேசுவது

நிறைய பேர் கவனிக்காத இடம் இது. 'மரத்தை நானே எடுத்துக்கிறேன், கூலி கொஞ்சம் குறைச்சுக்கிறேன்' என்பார் மரம் வெட்டுகிறவர். லாபமாகத்தான் தெரியும். ஆனால் மரம் அவருடையது என்றால், நீளமான துண்டுக்குத்தான் மரவாடியில் நல்ல விலை. நமக்குச் சின்னத் துண்டாக இறங்க வேண்டும், அவருக்குப் பெரிய துண்டாக இறங்க வேண்டும். இந்த இழுபறியில் கடைசியில் உடைவது நம் வாசல். அதனால் கூலி தனி, மரத்தின் விலை தனி என்று பேசுங்கள். துண்டின் நீளம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூங்குமூஞ்சிக்குப் பெரிய விலையும் கிடையாது, நிலை, ஜன்னல் செய்ய வேம்பைத் தேடி வருவதுபோல இதை யாரும் தேடி வரமாட்டார்கள்.

ஆளிடம் கேட்க வேண்டியவை: இடுப்பில் கட்டும் வெறும் கயிறா, உடம்பு முழுக்கப் பிடிக்கும் சேஃப்டி பெல்ட்டா? ஹெல்மெட் உண்டா? பாரம் இறக்கக் கயிறும் கப்பியும் சொந்தமாக இருக்கிறதா? கீழே எத்தனை பேர் நிற்பார்கள்? அறுத்த தழையை யார் அள்ளுவார்கள்? "கயிறெல்லாம் எதுக்கு சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: மின்சாரம்

மின் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கொப்பையும் மின்சாரம் இருக்கும்போது தொடக் கூடாது. ஈரக் கொப்பு வழியாக மின்சாரம் இறங்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அன்றைக்கு லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தி 'லைன் கிளியர்' கொடுத்த பிறகுதான் ஏற வேண்டும். வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள். கேபிள் டிவி, இன்டர்நெட் ஒயர்களை மறந்துவிடாதீர்கள். உயிர் போகாதுதான், ஆனால் தெருவே வந்து நிற்கும்.

கூடவே ஒரு பைனாகுலரோ செல்போன் கேமராவோ வைத்து உச்சியைப் பாருங்கள். கதண்டுக் கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து அகற்றுவார்கள். காக்கைக் கூட்டில் குஞ்சு இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். மேலே ஏறுகிற ஆளைக் காக்கைகள் கூட்டமாக வந்து கொத்துவதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஏழாம் படி: தரைக்கு மெத்தை

பேவர் பிளாக் பரவலான பாரத்தைத் தாங்கும், ஒரே புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. ஆகவே அடியைப் பரப்புவதுதான் வேலை. நான் போடும் வரிசை: முதலில் மணல் அல்லது தேங்காய் நார்த்தூள் மூட்டைகள், அதன்மேல் கட்டட வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் சென்ட்ரிங் பலகை, அதன்மேல் பஞ்சர் கடையில் வாங்கிய பழைய லாரி டயர்கள், எல்லாவற்றுக்கும் மேலே முதலில் இறக்கிய தழைக் கொப்புகளை இரண்டடி உயரத்துக்குக் குவிப்பது. வெறும் டயர் மட்டும் போட்டால் துண்டு எகிறும். எகிறிய துண்டு பக்கத்துச் சுவரில் போய் மோதும். தழைதான் அதை அமுக்கிப் பிடிக்கிறது.

தார் ரோடு கல்லைவிடத் தேவலாம், ஆனால் வெயிலில் இளகியிருக்கும்போது குழி விழும். வடிகால் மூடி சிலாப்தான் இருப்பதிலேயே பலவீனமானது. அதன்மேல் மெத்தை போட்டாலும் நம்பாதீர்கள், அந்தப் பக்கம் எதையும் இறக்காதீர்கள்.

எட்டாம் படி: கொப்புகளை இறக்குவது

காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மதியவாக்கில் கடற்காற்று ஏறும், கயிற்றில் தொங்கும் கொப்பை அது ஊஞ்சலாக்கிவிடும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பட்டை வழுக்கும். எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு முன் அடிமரத்தில் கற்பூரம் ஏற்றி ஒரு கும்பிடு போடுவார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பதால், அன்றைய திட்டத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை.

திட்டம் இதுதான். கீழ்க் கொப்புகளில் தொடங்கி மேலே போக வேண்டும், அப்போதுதான் மேலிருந்து வருவது சிக்காமல் இறங்கும். ஒரு பக்கத்தை மட்டும் மொட்டையாக்கக் கூடாது, பாரம் மறுபக்கம் இழுத்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழிக்க வேண்டும். கயிற்றைப் போட்டுப் பாரம் இறக்க ஏற்ற, உறுதியான உயரக் கவட்டை ஒன்றைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும்.

ஷெட் மேல் நீட்டியிருக்கும் கொப்புதான் அன்றைய பரீட்சை. அதற்கு இரண்டு கயிறு: ஒன்று பாரக் கயிறு, உயரக் கவட்டையில் மாட்டிய கப்பி வழியாக வந்து கொப்பைத் தாங்குவது. இன்னொன்று வழிக்கயிறு, கீழே நிற்பவர் கொப்பின் நுனியைத் தெருப்பக்கம் இழுத்துத் திருப்புவதற்கு. பாரக் கயிற்றைக் கொப்பின் அடியில் மட்டும் கட்டினால் நுனி முதலில் சரிந்து ஷீட்டைக் குத்தும். நடுவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என இரண்டு இடத்தில் கட்டினால் கொப்பு படுத்த வாக்கில் இறங்கும்.

கப்பியைப் பற்றி ஒரு விஷயம். 100 கிலோ கொப்பைக் கப்பியில் தொங்கவிட்டுக் கீழே கயிற்றைப் பிடித்தால், கப்பி மாட்டிய கவட்டை சுமப்பது 100 கிலோ அல்ல, ஏறக்குறைய 200. தொங்கும் பக்கம் ஒரு 100, பிடிக்கும் பக்கம் ஒரு 100. கொஞ்ச தூரம் விழுந்து கயிறு வெடுக்கென்று இழுத்தால் இன்னும் பல மடங்கு. அதனால் அறுபடும் முன்பே கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். கிணற்றுக் கயிறு, நார்க் கயிறெல்லாம் வழிக்கயிறுக்கு மட்டும். பாரத்துக்கு 16 மில்லிமீட்டருக்குக் குறையாத புது நைலான் கயிறு வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்கவிடாதீர்கள், முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு எப்போதும் பலவீனம்தான்.

கீழே கயிற்றைக் கையால் பிடித்து இறக்கவே கூடாது. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் உராய்வு பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், ஒரு ஆள் நிதானமாக விட்டு விட்டு இறக்கலாம். கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொள்கிறவரை உடனே நிறுத்துங்கள். விரல் போய்விடும்.

அறுப்பதில் ஒரே ஒரு பாடம்: முதலில் அடிப்பக்கம் கால் பங்கு, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து. மேலிருந்து மட்டும் அறுத்தால் கொப்பு பட்டையைக் கிழித்துக்கொண்டு மரத்தோடு ஊசலாடி, அறுக்கிறவர் பக்கமே வரும். மேலே நிற்கும்போது செயின்சாவை ஒற்றைக் கையில் பிடிப்பதும் கூடாது.

சத்தத்தில் பேச்சு காதில் விழாது. 'விடு', 'விடாதே' என்ற இரண்டு சொல்லையும் அன்றைக்குத் தடை செய்துவிடுங்கள். மெஷின் சத்தத்தில் 'விடாதே' என்பதும் 'விடு' என்றுதான் கேட்கும். 'இறக்கு', 'நில்லு' போதும். இல்லையென்றால் விசில்: ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் இறக்கு. கட்டளை கொடுப்பது ஒரே ஆள். வேடிக்கை பார்ப்பவர்களை மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிறுத்துங்கள். தெருவின் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்.

ஒன்பதாம் படி: அடிமரம்

கொப்பெல்லாம் போய் மொட்டைத் தூண் நிற்கும். இதையும் மேலிருந்து ஒன்றரை அடி, இரண்டடித் துண்டுகளாக இறக்குவதே நல்லது. தெரு அகலம் இடம் கொடுத்தால் ஹைட்ரா கிரேன் வைத்துக்கொள்ளலாம். '14 டன் வண்டி சார்' என்பார்கள். அது பூம் (கிரேனின் நீளும் கை) முழுக்கச் சுருங்கி, பாரம் வண்டிக்கு அருகில் இருக்கும்போது மட்டும். பூம் நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். சக்கரமும் ஊன்றுகாலும் படும் இடத்தில் தடிப்பலகை போடாமல் பேவர் மேல் ஏறவிடாதீர்கள், கோலமாவுக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

கடைசிப் பத்தடி மிஞ்சி, விழும் பக்கம் அதைவிடத் தாராளமான இடமும் மெத்தையும் இருந்தால் மட்டும் முழுசாகச் சாய்க்கலாம். விழ வேண்டிய பக்கத்தில் மரத்தின் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்து வாய் திறப்பார்கள். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்த வாயின் மூலைக்கு ஓரிரு அங்குலம் மேலே, கிடையாக அறுப்பார்கள். இரண்டு வெட்டும் சந்திக்கவே கூடாது. இடையில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு அறுபடாத நார் நிற்க வேண்டும். அதுதான் கதவுக் கீல், மரத்தைத் திசை மாறாமல் திருப்புவது அதுதான். 2 அடி விட்டத்துக்குக் கீல் இரண்டரை அங்குலம் போதும். அடி உளுத்த, குழி விழுந்த மரத்தில் கீல் நிற்காது, அங்கே சாய்க்கும் பேச்சே வேண்டாம். பின் வெட்டில் மர ஆப்பு அடித்து, உச்சியில் கட்டிய கயிற்றை இழுப்பவர்கள் மர உயரத்தைவிட அதிக தூரத்தில் நிற்க வேண்டும். அறுக்கிறவர் ஒதுங்கப் பின்புறமாகச் சரிந்த வழி ஒன்று தடையில்லாமல் இருக்கட்டும்.

தென்னை என்றால் சங்கதி வேறு. வெளிப்பக்கம் கடினம், உள்ளே மென்மை, இந்தக் கீல் வேலை அதில் நம்பிக்கையாக நடக்காது. முதலில் காய், அப்புறம் மட்டை, அப்புறம் கொண்டை, பிறகு மேலிருந்து துண்டு துண்டாகத்தான்.

பத்தாம் படி: கட்டையும் வாசலும்

அடிக்கட்டையை ஜேசிபியால் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், வேர் எங்கே போகிறது என்று கேளுங்கள். காம்பவுண்டு அஸ்திவாரத்துக்கு அடியிலும் குழாயைச் சுற்றியும் போன வேர், வரும்போது அவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். தரைமட்டத்துக்கு அரையடி கீழே அறுத்து, சுவர்ப்பக்கத்து வேரை மண்ணிலேயே விட்டுவிடுவது மேல். களிமண், கரிசல் மண்ணாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: இத்தனை வருஷம் மரம் உறிஞ்சிய தண்ணீர் இனி மண்ணிலேயே தங்கும், மண் உப்பும், ஓரிரு மழைக்காலத்தில் சுவரில் முடி விரிசல் தெரியலாம். பதறாமல் பென்சிலால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். விரிசல் அகலமாகிக்கொண்டே போனால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

பெயர்த்த பேவர் கல்லை உடனே நிரந்தரமாகப் பதிக்காதீர்கள். உள்ளே வேர் மக்க மக்கத் தரை அமுங்கும். மண் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே மணல் பரப்பிக் கல்லைச் சும்மா அடுக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். தை பிறந்ததும் எங்கே அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பிரித்து மட்டம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.